மார்செசென்ட்: செத்தும் உதிராத இலைக்கு ஒரு பெயர்

பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், மரத்தில் முறிந்து தொங்கும் ஒரு கிளையைப் பார்த்திருப்பீர்கள். பட்டையின் நார் கொஞ்சம் மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் அதன் இலைகள் துவளும். ஒரு வாரத்தில் சுருளும். அப்புறம் பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் விழாது. மாதக்கணக்கில் அப்படியே தொங்கும். அதே மரத்தின் மற்ற கிளைகளில் பழுத்த இலைகள் லேசான காற்றுக்கே ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருக்கும். செத்த கிளையின் இலையைப் பிடித்து இழுத்தாலோ, காம்பு கழலாமல் இலைதான் பாதியில் கிழியும்.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாகப் படும். உயிரோடு இருப்பது பிடித்துக்கொள்ள வேண்டும், செத்தது விழ வேண்டும் என்றுதானே நினைப்போம்? இங்கே உயிருள்ள கிளை இலையை விட்டுவிடுகிறது, செத்த கிளை விடமாட்டேன் என்கிறது.

முறிந்த கிளையில் நடப்பது விபத்து. எந்த விபத்தும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல் நிற்கும் சில மரங்கள் ஆண்டுதோறும் இதையே செய்கின்றன. இலை காய்ந்துவிடும், உதிராது. குளிர்காலம் முழுக்கக் கிளையிலேயே சலசலத்துக்கொண்டு கிடந்து, அடுத்த துளிர் வரும் சமயத்தில்தான் விழும். அப்படிப்பட்ட இலைக்குத் தாவரவியலில் 'மார்செசென்ட்' என்று பெயர். அந்தத் தன்மைக்கு 'மார்செசென்ஸ்'. தாவரவியல் படித்தவர்களே கலைச்சொல் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துபோகிற சொல் இது. அகராதிகள் இதை ஒரே வரியில் முடித்துவிடும்: 'வாடியும் உதிராத.' அந்த ஒரு வரிக்குள் இருக்கும் 'உதிராத' எங்கிருந்து வந்தது என்று தேடினால்தான் வேடிக்கை தொடங்குகிறது.

சொல்லில் இல்லாத பொருள்

லத்தீனில் 'மார்க்கேரே' என்றொரு வினைச்சொல். வாடு, துவள், தளர்ந்துபோ என்று பொருள். பூவுக்கும் சொல்வார்கள், சோர்ந்துபோன மனிதனுக்கும் சொல்வார்கள். தமிழில் 'வாடு' இரண்டுக்கும் வருவதைப் போலத்தான். இதன் நடுவே '-எஸ்க்-' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'மார்க்கெஸ்கெரே' ஆகும். அப்போது பொருள் 'வாடத் தொடங்கு', 'வாடிக்கொண்டு வா'. அதன் எச்ச வடிவம்தான் 'மார்க்கெஸ்கென்ஸ்'. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மார்செசென்ட் ஆனது.

இந்த ஒட்டு நமக்குப் புதிதல்ல. 'அடலசென்ட்' என்று பதின்வயதுப் பிள்ளைகளைச் சொல்கிறோமே, அது 'வளர்ந்துகொண்டு வருபவர்'. நோயிலிருந்து மீண்டுவருபவரை மருத்துவர்கள் சொல்லும் 'கன்வலசென்ட்' என்பது 'பலம் கூடிக்கொண்டு வருபவர்'. ஒரு நிலை மெல்ல மெல்லக் கூடிவருவதைக் காட்டுவதுதான் அந்த '-எஸ்க்-' செய்கிற வேலை. தமிழில் 'கொண்டிரு', 'வா' என்ற துணைவினைகள் செய்கிற அதே வேலை.

ஆக, எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் மார்செசென்ட் என்றால் 'வாடிக்கொண்டிருக்கிற' என்றுதான் பொருள். கிளையைப் பிடித்துக்கொண்டிருப்பது, உதிராமல் இருப்பது பற்றி அந்தச் சொல்லுக்குள் ஒரு அசைகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, இந்தப் பெயரைத் தாங்கும் இலை 'வாடத் தொடங்கிய' இலையும் அல்ல, எப்போதோ வாடி முடித்த இலை.

பிறகு அந்தப் பொருள் எப்படி உள்ளே நுழைந்தது? அக்கம்பக்கத்துச் சொற்களால் என்பதுதான் என் கணிப்பு. இலை, இதழ், புல்லி போன்ற உறுப்புகள் செடியில் எவ்வளவு காலம் தங்குகின்றன என்று குறிப்பதற்குத் தாவரவியலாளர்கள் ஒரு சொல்வரிசை வைத்திருக்கிறார்கள். சீக்கிரமே விழுந்துவிடுவது 'கடூகஸ்'. பாப்பிச் செடியின் புல்லி இதழ்கள் பூ விரியும்போதே கழன்று விழும், அது கடூகஸ். வேலை முடிந்ததும் உரிய காலத்தில் விழுவது 'டெசிடுவஸ்'. நம் பாடநூல்கள் 'இலையுதிர் மரம்' என்கின்றனவே, அதற்கான சொல் இதுதான். பல் மருத்துவர்கள் பால் பல்லுக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே 'காடேரே', அதாவது 'விழு' என்ற வினையிலிருந்து வந்தவை. விழாமல் தங்கிவிடுவது 'பெர்சிஸ்டென்ட்'. தங்குவதோடு நில்லாமல் வளரவும் செய்தால் 'அக்ரெசென்ட்'. சொடக்குத் தக்காளிக் காயை மூடியிருக்கும் காகிதப் பை போன்ற உறை அப்படி வளர்ந்த புல்லிதான். அங்கேயும் அந்த '-எஸ்க்-' எட்டிப் பார்க்கிறது.

எல்லாம் 'எப்போது விழும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வரிசையில், ஒரு சொல் மட்டும் 'வாடும்' என்று பதில் சொன்னால் என்ன அர்த்தம்? 'விழாது, வாடும், அவ்வளவுதான்' என்று அர்த்தம். சொல்லாமல் விட்டதே பொருளாகிவிட்டது.

இலைக்கு மட்டுமே உரிய சொல்லும் அல்ல இது. வெள்ளை குளோவர் செடியின் உருண்டைப் பூக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகரந்தச் சேர்க்கை முடிந்த சிறுபூக்கள் கீழ்நோக்கி மடங்கிப் பழுப்பாகும், ஆனால் இதழ் விழாது. காய்ந்த இதழ்களே சின்னஞ்சிறு காயைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அதையும் மார்செசென்ட் என்றே எழுதுவார்கள். கையில் ஒரு ஆப்பிள் இருந்தால் காம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். குழிக்குள் ஐந்து காய்ந்த நாக்குகளும் அவற்றுக்கு நடுவே தூசி போன்ற இழைகளும் தெரியும். அந்தப் பூவின் புல்லியும் மகரந்தத் தாள்களும் அவை. பூ போய்க் காய் வந்து, காய் பழமான பிறகும் அவை அங்கேயே இருக்கின்றன.

இவ்வளவு நுணுக்கமான சொல்வரிசை ஏன் லத்தீனில் என்றால், 18ஆம் நூற்றாண்டில், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் காலத்தில் தாவரங்களை விவரிக்கும் மொழி அப்படித்தான் ஒழுங்குபட்டது. இன்னும் வியப்பு, 1935 முதல் 2011 முடிய, புதிய தாவர இனம் ஒன்றை முறைப்படி வெளியிட வேண்டுமானால் லத்தீன் விவரிப்பு கட்டாயம் என்று விதியே இருந்தது. அதனால் பேச்சில் செத்த சொற்கள்கூடக் கிளையை விட்டு விழாமல் நின்றன.

வாடாத கிரீடம், வாடாமல்லி

இந்தச் சொல்லின் எதிர்ச்சொல் இதைவிடப் புகழ் பெற்றது. 'இம்மார்க்கெஸ்கிபிலிஸ்': வாட முடியாத. பேதுருவின் முதல் நிருபம், 5ஆம் அதிகாரம், 4ஆம் வசனத்தில் லத்தீன் விவிலியம் இந்தச் சொல்லைக் கிரீடத்துக்கு அடைமொழியாக்குகிறது. மூலமான கிரேக்கத்தில் அங்கே இருப்பது 'அமராந்தினோஸ்'. தமிழ் விவிலியத்தில் அது 'வாடாத கிரீடம்'. மூன்று மொழியிலும் ஒரே எண்ணம், ஒரே இலக்கணக் கட்டு: வாடு என்ற வினை, அதன்மேல் ஒரு மறுப்பு.

அந்தக் கிரேக்கச் சொல்லின் அடியிலிருந்துதான் 'அமராந்தஸ்' என்ற கீரைப் பேரினத்தின் பெயரும் பிறந்தது. 'மரைனோ' என்றால் வாடச் செய், முன்னால் உள்ள 'அ' மறுப்பு. இதே குடும்பத்தில் இருக்கும் இன்னொரு செடிக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? வாடாமல்லி. யாரும் யாரிடமும் கேட்டு வைத்த பெயரில்லை. காகிதம் போன்ற அந்தச் செதில்கள் பறித்த பிறகும் நிறம் மாறாமல் இருப்பதைப் பார்த்த எந்தக் கண்ணுக்கும் தோன்றுகிற பெயர்.

ஆனால் வாடாதது வேறு, உதிராதது வேறு. அமராந்தமும் வாடாமல்லியும் வாடாதவை. மார்செசென்ட் இலை நன்றாகவே வாடுகிறது. அது உதிர்வதில்தான் தாமதம்.

வினைச்சொல் அடுத்த தலைமுறை மொழிகளில் வெவ்வேறு பக்கம் போயிருக்கிறது. ஸ்பானிய மொழியில் 'மார்ச்சிட்டோ' என்றால் வாடிய. இத்தாலியில் 'மார்ச்சோ' என்றால் அழுகிய. ஒரே வேர், ஒரு கரையில் காய்ந்தது, இன்னொரு கரையில் அழுகியது. கொலம்பியாவின் தேசிய கீதம் 'வாடாத புகழே' என்றுதான் தொடங்கும். 'இன்மார்செசிப்ளே' என்ற அந்தச் சொல்லை அன்றாடப் பேச்சில் யாரும் தொடுவதில்லை, கீதத்தில் மட்டும் நிலைத்துவிட்டது. அதே நாட்டின் மலைமுகடுகளில், மார்செசென்ட் இலைக்கு உலகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உதிர்வதா, உதிர்ப்பதா?

தமிழில் 'உதிர்' என்ற வினைக்கு இரண்டு முகம். இலை உதிர்கிறது, மரம் இலையை உதிர்க்கிறது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பேச்சில் நாம் முன்னதைத்தான் அதிகம் சொல்கிறோம். ஏதோ இலைக்கே வயதாகி, கை தளர்ந்து, தானாக விழுவதைப் போல ஒரு நினைப்பு. தாவர உடலியல் பின்னதன் பக்கம் நிற்கிறது. இலையுதிர்வு என்பது மரம் செய்கிற வேலை. அதற்கு ஆள் வேண்டும், ஆற்றல் வேண்டும், உயிருள்ள செல்கள் வேண்டும்.

வேலை நடக்கிற இடம் காம்பின் அடி. அங்கே, கிளையோடு சேரும் மூட்டில், குறுக்காகச் சில அடுக்குச் சிறிய செல்கள் இருக்கும். இதை உதிர்வடுக்கு என்று சொல்லலாம். இலை நன்றாக இருக்கும்வரை அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தொடர்ந்து காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். 'நான் இருக்கிறேன், வேலை பார்க்கிறேன்' என்ற சேதி அது. அந்தச் சேதி வரும்வரை உதிர்வடுக்கு சும்மா இருக்கும். பகல் குறைந்து, குளிர் ஏறி, இலை மூப்படையும்போது ஆக்சின் வரத்து சுருங்குகிறது. உதிர்வடுக்கு, செடியே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு இளகத் தொடங்குகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையையும் செல்லுலோஸ் சுவரையும் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன. இதற்கிடையில் மரம் இலையிலிருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். கடைசியில் இலையைப் பிடித்திருப்பது நீர்க்குழாய் இழைகள் மட்டும். ஒரு காற்று போதும். விழுந்த இடத்தில் தக்கைத் தழும்பு ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருக்கும், அதனால் மரத்துக்குக் காயமில்லை.

எத்திலீனின் இந்தக் குணம் தெரியவந்த கதை தெருவிளக்கிலிருந்து தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் எரிவாயு விளக்குகளின் குழாய் கசிந்த இடங்களில் சாலையோர மரங்கள் அகாலத்தில் இலை உதிர்த்தன. அந்த வாயுக்கலவையில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன்தான் என்று 1901இல் கண்டு சொன்னவர் திமித்ரி நெல்யுபோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர். அவர் பார்த்தது பட்டாணி நாற்றுகளை. பெயர்க் குழப்பம் ஒன்றும் இங்கே உண்டு. உதிர்வுக்கு லத்தீன் வழி வந்த சொல் 'அப்சிஷன்', வெட்டிவிடுதல். 1960களில் பருத்திக் காய் உதிர்வை ஆராய்ந்தபோது கிடைத்த ஹார்மோனுக்கு, உதிரவைப்பது அதுவே என்று எண்ணி 'அப்சிசிக் அமிலம்' என்ற பெயர் வந்தது. பிறகு பார்த்தால் உதிர்வில் பெரிய பங்கு எத்திலீனுக்கு. அப்சிசிக் அமிலத்தின் முக்கிய வேலை வறட்சியைச் சமாளிப்பதிலும் விதையைத் தூங்கவைப்பதிலும். பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது முறிந்த கிளைக்குத் திரும்புவோம். அது சட்டென்று செத்தது. உதிர்வடுக்கின் செல்களும் இலையோடு சேர்ந்தே செத்தன. பசையைக் கரைக்க நொதி சுரக்க வேண்டும், சுரக்க உயிர் வேண்டும். உதிர்க்க ஆளில்லை, அதனால் இலை உதிரவில்லை. மழையும் காற்றும் பூஞ்சையும் சேர்ந்து காம்பை மட்கவைக்கும்வரை அது தொங்கத்தான் வேண்டும். இதைக் கறாராக மார்செசென்ட் என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது அந்த மரத்தின் வழக்கமல்ல. முன்கூட்டியே திடீரென்று கடும்பனி விழுந்து, உதிர்வடுக்கு தயாராகும் முன்பே இலைகள் கருகிப்போகும் ஆண்டுகளில், ஒழுங்காக உதிர்க்கும் மரங்கள்கூடப் பழுப்பு இலையோடு நிற்பதுண்டு. அதுவும் இதே கதைதான்.

வழக்கமாகவே செய்யும் மரங்களில் நடப்பது வேறு. அங்கே மரம் உயிரோடு இருக்கிறது, மூட்டும் உயிரோடு இருக்கிறது. உதிர்வடுக்கு மட்டும் இலையுதிர் காலத்தில் தன் வேலையை முடிப்பதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, வசந்தத்தில் மொட்டு பருக்கும்போது மீண்டும் தொடங்கி முடிக்கிறது. ஒத்திவைத்த வேலை.

யார், ஏன்?

ஐரோப்பா, வட அமெரிக்காவின் பீச் மரங்களும் பல ஓக் வகைகளும் ஹார்ன்பீமும் இதில் முதல் வரிசை. விட்ச் ஹேசல் புதரிலும் பார்க்கலாம். மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் குளிர்காலக் காட்டில், இளம் பீச் மட்டும் வெளிறிய தேநீர் நிறத்தில், காகிதம் போல மெலிந்த இலைகளோடு நிற்கும். பீச்சைச் செடிவேலியாக வளர்ப்பவர்கள் இதற்காகவேதான் வளர்க்கிறார்கள். கத்தரித்துக் கத்தரித்து வளர்த்த வேலி குளிர்காலத்திலும் மறைப்பு தரும், இலை பச்சையாக இல்லாவிட்டால் என்ன?

'இளம்' என்று சொன்னதைக் கவனியுங்கள். இது பெரும்பாலும் இளமையின் குணம். முற்றிய பீச், ஓக் மரங்களின் உச்சியில் இலைகள் ஒழுங்காக உதிர்ந்துவிடும். அதே மரத்தின் கீழ்க்கிளைகளில், அடிமரத்தை ஒட்டிய பகுதியில், காய்ந்த இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மரம் உயரம் போனாலும் அதன் அடிப்பகுதி இளமைக் குணத்தை விடுவதில்லை. பூக்கவும் காய்க்கவும் செய்வது மேலே, சின்னப்பிள்ளைத்தனம் கீழே.

ஸ்பெயினில் இந்தச் சொல் காட்டுக்கே பெயராகிவிட்டது. அங்குள்ள சில ஓக் வகைகள் கூட்டமாக நிற்கும் வனங்களை 'மார்செசென்ட் காடு' என்றே வகைப்படுத்துகிறார்கள். என்றும் பச்சையாக இருக்கும் மத்தியதரைக்கடல் காடுகளுக்கும், குளிர்காலத்தில் மொட்டையாகும் வடக்கத்திய காடுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவை நிற்கின்றன. பசுமைமாறா, இலையுதிர் என்று இரண்டே பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் காட்டை எதில் போடுவது என்று திணற வேண்டியதுதான்.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மான்களை வைத்து ஒரு விளக்கம் உண்டு. குளிர்காலத்தில் மானுக்குத் தேவை சத்துள்ள மொட்டும் இளங்குச்சியும். அவற்றைச் சுற்றிச் சத்தில்லாத, லிக்னின் (கட்டைக்கு இறுக்கம் தரும் பொருள்) ஏறிய சருகு இருந்தால், வாயில் அதுவும் சேர்ந்தே வரும். டென்மார்க்கில் மான்களிடம் சருகோடு உள்ள குச்சிகளையும் கையால் சருகு நீக்கிய குச்சிகளையும் கொடுத்துப் பார்த்தபோது, அவை நீக்கியதையே விரும்பின. கீழ்க்கிளைகளில்தான் சருகு தங்குகிறது என்பதும் இதோடு பொருந்துகிறது, மான் எட்டுவது அந்த உயரம்தானே.

இன்னொரு விளக்கம் உரம் சம்பந்தப்பட்டது. 1981இல் 'ஓய்கோஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, பீச்சும் ஓக்கும் ஏன் வசந்தம்வரை இலையை வைத்திருக்கின்றன என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. இலையுதிர் காலத்தில் விழுந்த சருகின் சத்து, வேர் உறங்கும் மாதங்களில் மழையிலும் பனிநீரிலும் கரைந்து போய்விடலாம். வசந்தத்தில் விழுந்தால், வேர் விழிக்கும் நேரத்தில் சத்து கையில் கிடைக்கும். கிளையில் கிடக்கும் மாதங்களில் வெயில் பட்டுப் பட்டு லிக்னின் கொஞ்சம் சிதைவதால், விழுந்த பிறகு மட்குவதும் எளிதாகலாம்.

மொட்டுக்குக் குளிர்க்காப்பு என்கிறவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் எதுவுமே காரணமில்லை, பசுமைமாறா மூதாதையிடமிருந்து இலையுதிர் வழக்கத்துக்கு மாறும் பாதையில் பாதி வழியில் நிற்கும் மரங்கள் இவை, அவ்வளவுதான் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பீச், ஓக் குடும்பத்தில் வெப்பமண்டல உறவினர்கள் பலர் பசுமைமாறாதவர்கள் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. எனக்கு மான் கதையும் உரக் கதையும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. பழைய வழக்கம் ஒன்று எஞ்சி நிற்கலாம், அதற்குப் பிறகு பயன்களும் கிடைத்திருக்கலாம். இழப்பும் உண்டு, சொல்ல வேண்டும்: இலையோடு நிற்கும் கிளையில் ஈரப்பனி அதிகம் தங்கும், பாரம் தாங்காமல் முறியும்.

உடுப்பு கழற்றிய செடி

காரணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த இடம் ஆண்டிஸ் மலை. கொலம்பியா, வெனிசுவேலா, எக்வடோர் நாடுகளில், காட்டின் எல்லைக்கு மேலே, சுமார் 3,000 மீட்டருக்கு அப்பால் 'பாராமோ' என்ற குளிர்ப் புல்வெளி தொடங்குகிறது. அங்கே வளர்வது எஸ்பெலேஷியா. உள்ளூர்ப் பெயர் ஃப்ரைலெஹோன், பெரிய துறவி என்று பொருள். மூடுபனிக்குள் அங்கி போர்த்திய ஆட்கள் வரிசையாக நிற்பதைப் போலத் தெரியும் என்பதால் வந்த பெயர். சூரியகாந்திக் குடும்பம். ஒற்றைத் தண்டு, உச்சியில் ரோமம் போர்த்திய வெள்ளி நிற இலைக்கொத்து, அதற்குக் கீழே தரைவரை காய்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் தடித்த உடுப்பு. அந்த உடுப்பு முழுவதும் மார்செசென்ட் இலை.

பாராமோவில் ஒவ்வொரு பகலும் வெயில் காலம், ஒவ்வொரு இரவும் குளிர்காலம். விடியும்போது வெயில் இலையைச் சுடத் தொடங்கிவிடும், மண்ணோ இன்னும் சில்லிட்டுக் கிடக்கும், வேரால் நீர் எடுக்க முடியாது. அந்த இடைவேளையைச் சமாளிக்க ஃப்ரைலெஹோன் தண்டின் நடுச்சோற்றில் நீர் சேமித்து வைத்திருக்கிறது. இரவில் அது உறைந்துவிடாமல் காப்பது அந்தச் சருகு உடுப்பு. வெனிசுவேலா ஆண்டிஸில் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆய்வாளர்கள் சில செடிகளின் உடுப்பை உரித்துப் பார்த்தார்கள். இரவில் தண்டின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போனது, காலையில் இலைகளுக்கு நீர் போய்ச்சேரவில்லை, உரித்த செடிகள் மடிந்தன. செத்த இலையைக் கழற்றியதால் உயிருள்ள செடி செத்தது.

ஆப்பிரிக்காவில் கென்யா மலையிலும் கிளிமஞ்சாரோவிலும் டென்ட்ரோசெனேசியோ என்ற ராட்சதச் செடி இதே உடுப்போடு நிற்கிறது. சூரியகாந்திக் குடும்பம்தான் என்றாலும் நெருங்கிய உறவில்லை. ஒரே குளிர், ஒரே தையல். நியூசிலாந்தின் மரப்பெரணி சிலவற்றிலும் காய்ந்த ஓலைகள் பாவாடை போலத் தொங்கும். அந்தப் பாவாடை, கொடிகளும் பெரிய தொற்றுச் செடிகளும் தண்டைப் பிடித்து மேலே ஏறாமல் தடுக்கிறது என்று 1986இல் ஒரு ஆய்வு வாதிட்டது. வட அமெரிக்கப் பாலைவனத்தின் வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா பனைக்கும் தரைவரை பாவாடை உண்டு. அதற்குள் மஞ்சள் வௌவால் இனம் ஒன்று பகலில் அடைகிறது. தீப்பிடித்தால் அந்தப் பாவாடை பந்தம்போல எரியும்.

தமிழில் என்ன சொல்வது?

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பதைப் பெருமையாகச் சொல்வோம். இந்த வரிசையில் மார்செசென்ட் இலைக்கு இடம் எங்கே? சருகு என்றால் காய்ந்தது, சரி. ஆனால் சருகு என்றதும் மனசு தரையைத்தான் பார்க்கிறது, கிளையைப் பார்ப்பதில்லை.

பனைக்கு மட்டும் தமிழ் ஒரு சொல் வைத்திருக்கிறது. காவோலை. முற்றிக் காய்ந்த பனையோலை. 'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்' என்ற பழமொழியை எல்லோரும் முதுமைக்கும் இளமைக்குமான பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். அதைத் தாவரவியல் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். குருத்து சிரிக்க வேண்டுமானால், காவோலையும் அதே நேரம் அதே மரத்தில் இருந்தாக வேண்டும். உச்சியில் குருத்து, கீழே காய்ந்தும் விழாமல் தொங்கும் ஓலை. காய்ந்ததும் சட்டென்று கழன்றுவிடும் இலையாக இருந்தால் அந்தப் பழமொழி பிறந்திருக்காது.

ஓலைக்கு உள்ள சொல்லை இலைக்கு நீட்ட முடியாது, ஓக் மரத்தில் காவோலை என்றால் சிரிப்பார்கள். 'வாடி நிலைக்கும் இலை' என்று எழுதலாம், கொஞ்சம் நீளம். நான் எழுதும்போது 'உதிராச் சருகு' என்பேன். லத்தீன் சொல்லாமல் விட்டதை அது சொல்லிவிடுகிறது.

சொல் எதுவானாலும், தோட்டம் வைத்திருப்பவருக்கு இதன் பயன் ஒரு இடத்தில் நேரடியாக வரும். குளிரில் ஒரு மரம் பழுப்பு இலையோடு நிற்கிறது. இது அதன் வழக்கமா, இல்லை கிளை செத்துவிட்டதா? இலையைப் பார்த்தால் தெரியாது, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மரம் முழுக்க, அல்லது கீழ்ப்பகுதி முழுக்கச் சீராகப் பழுப்பாக இருந்தால் வழக்கமாக இருக்கலாம். மற்ற கிளையெல்லாம் மொட்டையாக நிற்க, ஒரே ஒரு கிளையில் மட்டும் இலை தொங்கினால் சந்தேகப்படுங்கள். அங்கே உதிர்க்க ஆளில்லாமல் போயிருக்கலாம். காம்படியில் உள்ள மொட்டைத் தொட்டுப் பாருங்கள். பருத்து வழவழப்பாக இருக்கிறதா, சுருங்கி உதிர்கிறதா? அப்புறம் குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறுங்கள். அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தால் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வசந்தம்வரை காத்திருக்கலாம். பழுப்பாக, கட்டை போலக் காய்ந்து தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிக் கீறிப் பாருங்கள், பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டலாம்.